சுருங்கிய கட்டி

மருந்துக்கடைக்காரருக்குத் தெரு வைத்த பெயர் ‘அரை டாக்டர்’. அந்த அரையை அவரே முழுசாக்கிக்கொண்டு பல வருஷமாயிற்று. சளி என்று வந்தவனுக்குக் குறுக்கு விசாரணை, முதுகுவலி என்று வந்தவளுக்கு ஒரு பிரசங்கம், மாத்திரையெல்லாம் அதற்கப்புறம்தான்.

வீட்டில் குண்டன் என்று ஒரு நாய். அதன் பின்தொடையில் பட்டாணி அளவுக்குக் கட்டி வந்திருப்பதை முதலில் பார்த்தவள் அவருடைய மனைவி.

“ஏங்க, இந்த இடத்துல முடியே இல்ல, சிவந்து கிடக்கு. நக்கிக்கிட்டே இருக்கான். டாக்டர்கிட்ட காட்டிடலாமே.”

“கொழுப்புக் கட்டிடி. என் முதுகுல இல்லையா? நான் என்ன செத்தா போயிட்டேன்?”

கடையிலிருந்து ஓர் அரிப்புக் களிம்பைக் கொண்டுவந்து தடவினார். நாலே நாளில் கட்டி பாதியாகச் சுருங்கிவிட்டது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. கடைக்கு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அளந்து தள்ளினார். கட்டி மறுபடி வீங்கியது; தடவினார்; மறுபடி சுருங்கியது. மனைவி வாயெடுத்தபோதெல்லாம், “கெட்ட கட்டின்னா சுருங்குமா? விவரம் தெரியாம பேசாதே” என்று ஒரே போடாகப் போட்டார். இப்படியே அரை வருஷம் ஓடிற்று.

கட்டி புண்ணாகி ரத்தம் கசிந்த அன்றுதான் நாய் டாக்டரிடம் போனார்கள். டாக்டரம்மா கட்டியில் ஊசி குத்தி உறிஞ்சியதைக் கண்ணாடித் துண்டில் தடவி, உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

“புற்றுதாங்க. இந்த வகைக் கட்டி ஒரு நாள் வீங்கும், ஒரு நாள் வத்தும். அப்படி மாறி மாறி வந்தாலே சந்தேகப்படணும். எவ்வளவு நாளா இருக்கு? ஏதாவது தடவினீங்களா?”

கதவு திறந்திருந்தது. வெளியே பெஞ்சில் அவருடைய கடை வாடிக்கையாளர்கள் இரண்டு பேர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“ஒரு வாரமா இருக்கும்” என்றார். நாக்கு கூசவில்லை, அதுதான் கொடுமை.

“நான்தாம்மா ஏதோ அரிப்புக் களிம்பு தடவினேன்” என்றாள் மனைவி.

டாக்டரம்மா அவளைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார். “வீட்டுக்காரர் மருந்துக்கடை வச்சிருக்கார், அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? அந்தக் களிம்பு வீக்கத்தைத்தான் குறைக்கும். உள்ளே இருக்கறது அப்படியே வளரும்.” மனைவி தலையைக் குனிந்து அத்தனையையும் வாங்கிக்கொண்டாள். அவரை வெட்கம் பிடுங்கித் தின்றது. வாய் மட்டும் திறக்கவில்லை.

“சரி, ஒரு வாரம்தான்னா பரவியிருக்க வாய்ப்பு கம்மி. ஸ்கேன் வேண்டாம், நாளைக்கே வெட்டி எடுத்துடலாம்.”

இதற்கு மேலும் பேசாமலிருந்தால் குண்டனைத் தன் கையாலேயே கொன்றதாகிவிடும் என்று அவருக்குப் புரிந்தது.

“ஒரு வாரம் இல்லம்மா. ஆறு மாசம். தடவினது நான். இவ அப்பவே உங்ககிட்ட வரலாம்னா, நான்தான் விடல.”

வெளியே பெஞ்சில் இருந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டாக்டரம்மா மறுபடி நாயின் பக்கம் திரும்பினார். குண்டனின் முழங்காலுக்குப் பின்னால் விரலை வைத்து அழுத்திப் பார்த்தார்.

“இங்க நெறி கட்டியிருக்கு. ஸ்கேன் பார்த்துட்டுத்தான் எதையும் சொல்ல முடியும்.”

ஸ்கேன் அறை வாசலில் அவர் மனைவியின் பக்கமாகக் குனிந்தார். “நான்தான் உண்மையைச் சொல்லிட்டேனே” என்றார், கெஞ்சுவதைப் போல.

அவள் நாயின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். “சொன்னீங்க. அவங்க என்னைத் திட்டி முடிக்கிற வரைக்கும் பொறுத்திருந்து சொன்னீங்க.”