ஒரு தலையசைப்பு

அம்மாவின் பிடரிக்கு அடியில் வலது கையைக் கொடுத்துத் தலையைத் தூக்கி, தண்ணீர் கலந்த திராட்சை மதுவை உதட்டில் வைத்தாள் தியனோரா. பாதி கன்னத்தில் வழிந்தது. ஆர்னோ ஆற்றில் முப்பது வருஷம் கம்பளி அலசிய பியேராவால் இப்போது ஒரு மிடறு விழுங்க முடியவில்லை.

கட்டிலின் அந்தப் பக்கம் பாதிரியார் சில்வெஸ்த்ரோ சாமி நற்கருணைக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"பியேரா, ஊருக்கே தெரிஞ்சதுதான், அதனால உன் மக முன்னாடியே கேக்கறேன். கோயில்ல அந்தப் படத்துக்கு முன்னாடி முட்டி போடுறியே, யாரை வேண்டிக்கிற?"

"என் மேயோவை."



மேயோ தியனோராவின் தம்பி. எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது, பக்கத்துத் தெரு ஓவியர் வான்னி அவனைப் பார்த்துத்தான் மாதா மடியில் இருக்கும் குழந்தை இயேசுவை வரைந்தார். படம் கோயிலில் ஏறிய அதே கோடையில் கொள்ளைநோய் அவனைக் கொண்டுபோயிற்று. ஒரே குழியில் எல்லாரையும் போட்டு மூடினார்கள். அவனுக்கென்று கல்லறை இல்லை. கோயிலின் பழைய தங்கப் படத்தில் குழந்தை, பத்திரம் எழுதுகிறவன் மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருக்கும் என்று அம்மா சிரிப்பாள். வான்னியின் படத்திலோ தொடை மடிப்பு, காதோர மச்சம் எல்லாம் அப்படியே இருந்தன. இருபத்திரண்டு வருஷமாக, வேலை முடிந்ததும் ஈரப் பாவாடையோடு அங்கேதான் போவாள். உயிரோடு இருக்கும் மகளை அவ்வளவு நேரம் அவள் பார்த்ததே இல்லை. தியனோராவுக்கு அது இன்னும் வலித்தது.

"எல்லாம் அந்த வான்னி பண்ண வினை," என்றார் சாமி. "கடவுளுக்கு மனுஷ மூஞ்சி வைக்காதடான்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன்."

"கடவுள்தானே சாமி, மனுஷ மூஞ்சி வச்சுக்கிட்டு வந்தாரு?"

"அது வேற. தப்பா வேண்டிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு, பாவமன்னிப்பு தர்றேன். இல்லைன்னா கோயில் மண்ணுல உனக்கு இடமில்லை."

"சொல்லும்மா," தியனோரா கெஞ்சினாள். "உன்னை நாய் நரி திரியிற இடத்துலயா புதைக்கச் சொல்ற? சும்மா ஒரே ஒரு வார்த்தை."

"அவன் காதுல விழுந்துட்டா?"

அதுதான் அவள் கடைசியாகப் பேசியது. கொஞ்ச நேரத்தில் நாக்கு குழறி, மூச்சு இழுக்கத் தொடங்கியது. சாமி பதறி எழுந்தார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

"பேச வேணாம் பியேரா. தப்புன்னு தோணுச்சுன்னா தலையை ஆட்டு, போதும்."

தியனோராவின் கை இன்னும் பிடரிக்கு அடியிலேயே இருந்தது. அதை மெல்ல முன்னால் தள்ளினாள். கழுத்து ஒரு நொடி விறைத்து எதிர்த்தது. அம்மாவின் கண்கள் திரும்பி அவளைப் பார்த்தன. தியனோரா இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். முகவாய் மார்பைத் தொட்டது.

"கடவுளுக்குத் தோத்திரம்!" என்று சாமி கையை உயர்த்தினார்.

உச்சிவேளை மணி அடிப்பதற்குள் எல்லாம் முடிந்தது. காப்பாற்றினோமா, காட்டிக்கொடுத்தோமா என்று தெரியாமல் தியனோரா அந்தக் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை, முகம் மூடாத பாடையைக் கோயிலுக்குள் இறக்கினார்கள். வழக்கப்படி கால் பீடத்தின் பக்கம். முகம் கூரையைப் பார்த்தபடி இருந்தது. வான்னியின் படம் இடப்புறச் சுவரில். குழந்தை என்றைக்கும் போல ஒரு கையை நீட்டிக்கொண்டிருந்தது.

பக்கத்து வீட்டு லாப்பா முழங்கையால் இடித்தாள். "கொடுத்து வச்சவடி உங்கம்மா. நல்லபடியா தலையாட்டிட்டுப் போனாளாமே!"

 சாமி முதுகைத் திருப்பி ஜெபம் தொடங்கும்வரை தியனோரா காத்திருந்தாள். பிறகு குனிந்து, அதே வலது கையை அம்மாவின் பிடரிக்கு அடியில் கொடுத்து, முகத்தைப் படம் இருந்த சுவர்ப் பக்கம் திருப்பப் பார்த்தாள்.

கழுத்து அசையவில்லை. கையை எடுக்காமல் இன்னொரு தடவை முயன்றாள்.