அளக்காமல் விட்ட வார்டு

அலைவரிசைகளைப் பங்கிட்டுக் கொடுக்கும் அந்த அலுவலகத்தில் எல்லோரும் அவளை ஆன்டெனா அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சொந்தத் தங்கையின் கல்யாணத்துக்கே அளவுக் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு போனவள் என்று ஒரு கதை உலவியது. அவள் அதை மறுத்ததில்லை.

நான்கு வருடம் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உழைத்தது ஒரே ஒரு திட்டத்துக்கு. பெரிய ஆஸ்பத்திரியில் இதய நோயாளிகளின் மார்பில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கருவியைக் கட்டியிருப்பார்கள். நெஞ்சுத் துடிப்பைக் கம்பியில்லாமல் நர்ஸ் மேஜையிலுள்ள திரைக்கு அது அனுப்பிக்கொண்டிருக்கும். அதற்கென்று ஒதுக்கிய அலைவரிசை, ஆஸ்பத்திரி மதிலைத் தாண்டினால் ஊர் முழுக்கச் சும்மா கிடந்தது. இணையத்துக்கோ இடம் போதவில்லை. அதனால் அந்த அலைவரிசையிலேயே இணையம் அனுப்பும் புதுப் பெட்டிகளை மொட்டைமாடிகளில் வைத்தார்கள். அவை முதலில் காது கொடுத்துக் கேட்கும். ஆஸ்பத்திரிக் கருவியின் சத்தம் கேட்டால் வாயை மூடிக்கொள்ளும், கேட்காவிட்டால் பேசும். ஏற்கெனவே இருப்பவருக்கு இம்மியும் இடைஞ்சல் வரக்கூடாது என்பது முதல் விதி. அதை எழுதியவளே அவள்தான்.

நோயாளிகளின் கருவிச் சத்தம் வெளியே பெட்டிகளுக்கு எட்டுகிறதா என்று ஆஸ்பத்திரிக்குள் நாற்பத்தோரு இடங்களில் அளக்க வேண்டியிருந்தது. நாற்பதை முடித்தாள். மிச்சமிருந்தது பின்கட்டின் இரண்டாம் மாடி வார்டு. அங்கே பெயிண்ட் அடித்துப் பூட்டி வைத்திருந்தார்கள். இன்னொரு நாள் வருகிறேன் என்றாள். எதைக் கேட்டாலும் "பார்க்கலாம்" என்று இழுக்கும் மேலதிகாரி அன்றைக்கு மட்டும் இழுக்கவில்லை.

"பக்கத்து வார்டு அளவையே போட்டுடும்மா. ஒரே கட்டடம்தானே."

போட்டாள். அவர் கட்டாயப்படுத்தினார் என்று பிற்பாடு அவள் யாரிடமும் சொல்லவில்லை. கால் கடுத்தது, வீட்டுக்குப் போக வேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான்.

ஐந்து மாதம் கழித்து, வார்டும் திறந்து பெட்டிகளும் ஓடத் தொடங்கியிருந்தபோது, அந்த வார்டின் தலைமை நர்ஸ் போன் செய்தாள். காலை பத்து மணிக்கு மேல் திரையில் கோடுகள் விட்டுவிட்டு அறுந்துபோகின்றன, 'சிக்னல் இல்லை' என்று மணி அடித்துக்கொண்டே இருக்கிறது என்றாள். ஆன்டெனா அக்கா கூட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கருவிகளின் பேட்டரி பழசாகியிருக்கும், மாற்றிப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மூன்று வாரம் சென்று மறுபடி அதே குரல். கோபமே இல்லாத குரல்.

"மேடம், பேட்டரி எல்லாம் புதுசுதான். இன்னிக்கு ஒருத்தர் போயிட்டாரு."

போனவர் பள்ளிக்கூட வேன் டிரைவர். நாற்பத்தாறு வயது, இரண்டு நாளில் வீடு திரும்ப வேண்டியவர். அன்று காலை ஒன்பதாவது முறையாக மணி அடித்தபோது, மேஜையில் இருந்த சின்ன நர்ஸ் வழக்கம்போல் அதை அமர்த்திவிட்டு மாத்திரை எடுத்து வைக்கப் போயிருக்கிறாள். பெருக்க வந்த பெண் அவரைப் பார்த்துக் கத்தும்போது, துடிப்பு நின்று பதினோரு நிமிடம் ஓடிவிட்டிருந்தது.

அன்று பகலிலேயே அவள் கருவியோடு அந்த வார்டில் நின்றாள். தெருப்பக்கச் சுவரைத் தட்டிப் பார்த்தாள். சத்தம் செத்துக் கேட்டது. விசாரித்தபோது, முன்பு அது எக்ஸ்ரே அறையாக இருந்ததாம். சுவருக்குள் ஈயத் தகடு இருக்கிறதாம். நோயாளிகளின் கருவிகள் பேசுவது அந்தச் சுவரைத் தாண்டவில்லை. எதிர்க் கட்டடத்துப் பெட்டி காதைத் தீட்டிக் கேட்டும் ஒன்றும் கேட்காமல், இங்கே யாருமில்லை என்று நம்பி உரக்கப் பேசியிருக்கிறது. நர்ஸ் மேஜையோ வெளி வராந்தாவில், திறந்த ஜன்னலோரம். பெட்டி போட்ட கூச்சல் நேராக அங்கே வந்து விழுந்து, வார்டுக் கதவு வழியாக மேஜைக்கு வந்த பலவீனமான துடிப்புகளை அமுக்கிவிட்டது. பத்து மணிக்கு மேல் கடை, ஆபீஸ் எல்லாம் திறந்ததும் கூச்சல் கூடிவிடும்.

அவள் போன் போட்டு அந்தப் பெட்டியை நிறுத்தச் சொன்னாள். ஒரு நிமிடத்தில் திரையில் ஐந்து கோடுகளும் சீராக ஓடத் தொடங்கின. ஆறாவது கட்டிலில் விரிப்பை உருவிக்கொண்டிருந்தார்கள். தலைமை நர்ஸ் திரையைப் பார்த்தாள், இவளைப் பார்க்கவில்லை.

கருவிக் கோளாறு என்று எழுதச் சொன்னார் மேலதிகாரி. ஈயம் இருப்பதை ஆஸ்பத்திரிக்காரர்களும் சொல்லவில்லையே என்று நியாயம் பேசினார். அவள் தன் மேஜைக்குப் போய், எடுக்காத அளவை எடுத்ததாக நான் எழுதினேன் என்ற வரியில் அறிக்கையைத் தொடங்கினாள். அவர் படித்துவிட்டு, "உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்கிறே" என்றார். அவருக்கு நிஜமாகவே வருத்தம்தான்.

பத்தாம் நாள் டிரைவரின் மனைவி தன் கொழுந்தனோடு அலுவலகத்துக்கு வந்தாள். கொழுந்தன் சண்டைக்குத் தயாராக நின்றான். அவள் அவனை உட்காரச் சொல்லிவிட்டு, நடந்ததைக் கேட்டாள். ஆன்டெனா அக்கா ஒன்றையும் மறைக்காமல், சுவரிலிருந்து பேட்டரி வரை எல்லாவற்றையும் சொன்னாள்.

"மணி அடிச்சிருந்தா பிழைச்சிருப்பாரா?"

"மணி அடிச்சுதுங்க. தினமும் பொய்யா அடிச்சதால யாரும் ஓடலை."

அந்தப் பெண் மேஜையில் கிடந்த வெள்ளைத் தாளை இவள் பக்கம் தள்ளினாள். பிறகு, "எனக்குப் புரியற மாதிரி எழுதிக் குடுங்க. பொண்ணு பெரியவளானா கேப்பா" என்றாள்.

இரண்டு பக்கம் வந்தது. டிரைவரின் மனைவி நின்றபடியே கடைசி வரி வரை படித்து, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினாள். கொழுந்தன் மட்டும் வாசலில் ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

விசாரணை முடிந்து ஆன்டெனா அக்காவைக் கோப்புப் பிரிவுக்கு மாற்றினார்கள். மேலதிகாரிக்கு ஒன்றும் ஆகவில்லை. திட்டம் இன்னும் மூன்று ஊர்களுக்குப் போயிருக்கிறது. பூட்டிய அறை இருந்தால் திறக்கும்வரை பெட்டி வைக்கக் கூடாது என்று ஒரு விதி சேர்த்திருக்கிறார்கள். அதைத் தட்டச்சு செய்த நகல் கோப்பில் சேர அவள் மேஜைக்குத்தான் வந்தது. எண் போட்டு, உரிய இடத்தில் வைத்தாள்.