வீங்கிய கன்னம்

கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய மருத்துவர், அன்று முழுக்க வாயைத் திறக்கவே கூடாது என்று தலைவரிடம் கண்டித்துச் சொல்லி அனுப்பினார். விஷயம் மனைவிக்கும் ஓட்டுநருக்கும் மட்டும்தான் தெரியும். பல்வலி என்று கசிந்தால் போதும், பத்திரிகைக்காரர்கள் ஆளைப் படுக்கையில் போட்டு, அடுத்த தலைவர் யார் என்று கருத்துக்கணிப்பே நடத்திவிடுவார்கள் என்பது அவருடைய பயம்.

வீட்டு வாசலில் நிருபர்கள் காரை மொய்த்தார்கள். அவர் கைக்குட்டையால் முகத்தை ஒற்றிக்கொண்டே உள்ளே போய்விட்டார். மதியத்துக்குள் தொலைக்காட்சியில் ஓடியது: 'கண்கலங்கிய தலைவர். துரோகம் செய்தது யார்? அமைச்சரவை மாற்றம் உறுதி.'

"நீங்க அழுதீங்களாமே!" என்று மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. துரோகம் என்று சும்மாவா எழுதுவார்கள்? யாரோ எதையோ சொல்லியிருக்க வேண்டும்.

நிதியமைச்சர்தான் முதலில் ஓடிவந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். தலைவர் பேசாமல் பார்த்தார்.

"உங்க கோபம் புரியுது அண்ணே. அந்த விருந்துக்கு நான் போனது நிஜம்தான். ஆனா கூப்பிட்டது சாலைத்துறைதான்."

எந்த விருந்து? தலைவர் புருவத்தை மட்டும் உயர்த்தினார். அதற்கே இன்னும் நான்கு பெயர்கள் வந்து விழுந்தன.

அவர் போன சூட்டோடு சாலைத்துறை அமைச்சர் வந்தார். "இடம்தான் என்னுது தலைவரே, யோசனையெல்லாம் நிதியோடது" என்று தழுதழுத்தார். இருவரும் சேர்ந்து குழி பறித்திருக்கிறார்கள். இப்போது ஒருவரை ஒருவர் அதில் தள்ளப் பார்க்கிறார்கள். போகட்டும், பயந்தவர்களைக் கட்டி மேய்க்கலாம் என்று நினைத்துக்கொண்டார்.

சாயங்காலம் கல்வியமைச்சர் வந்தார். பள்ளியில் பாடம் நடத்தியவர் என்பதால் எல்லோருக்கும் அவர் 'டீச்சர்'. கையெழுத்துக்குக் கொண்டுவந்த கோப்பை மேசையில் வைத்தவர் தலைவரின் முகத்தைப் பார்த்தார்.

"பல்லைப் பிடுங்கிட்டாங்களா? ஐஸ் ஒத்தடம் குடுங்க. இதை நாளைக்குப் பாத்துக்கலாம்." அவ்வளவுதான், கிளம்பிவிட்டார்.

தலைவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. இவருக்கு யார் சொன்னது? மருத்துவமனை வரைக்கும் ஆள் வைத்திருக்கிறாரா? ஊரே துரோகம், கண்ணீர் என்று அலறும்போது இவர் மட்டும் எப்படிப் பதறாமல் இருக்கிறார்?

ஒரு தாளில் எழுதி மனைவியிடம் நீட்டினார்: 'டீச்சரிடம் நீ பேசினாயா?'

"கன்னம் பந்து மாதிரி வீங்கிக் கிடக்கு. கண்ணு இருக்கறவங்களுக்குத் தெரியாதா?" என்றவள், மறுபடி தாளைப் பார்த்தாள். முகம் மாறியது. "என் மேலயே சந்தேகமா?" தாளைக் கசக்கி எறிந்துவிட்டுப் போனாள்.

அப்படியென்றால் மற்ற இருவரும் ஏன் கவனிக்கவில்லை? அவர்கள் என் முகத்தையா பார்த்தார்கள் என்று ஒரு கணம் தோன்றியது. அந்த எண்ணத்தை அவர் வளரவிடவில்லை.

மறுநாள் டீச்சரின் துறை நிதிக்கும் சாலைக்கும் பங்கு பிரிக்கப்பட்டது. 'முதலில் சொன்னது நாங்களே' என்று தொலைக்காட்சி மார்தட்டியது. ஓட்டுநர் வேறு வேலைக்கு மாற்றப்பட்டார். மனைவி தன் அக்கா வீட்டுக்குக் கிளம்பிப்போனாள்.

டீச்சருக்கு அவரே தொலைபேசியில் சொன்னார். ஏன் என்று கேட்பார், அழுவார், யாரையாவது காட்டிக்கொடுப்பார் என்று காத்திருந்தார்.

"சரிங்க தலைவரே" என்று சொல்லி டீச்சர் வைத்துவிட்டார்.

தலைவர் ரிசீவரைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். அந்தச் 'சரி'க்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று யோசிக்க ஆரம்பித்தார்.