கிளிசரின் அம்மா

கீதாஞ்சலியின் யூடியூப் சேனலில் ஒரே வேலைதான்: டிரெய்லரைப் பார்த்தே படம் தேறாது என்று சொல்வது. வெளியீட்டுத் தேதி இரண்டு முறை தள்ளிப்போயிருந்தால், முழுக்கதையும் இரண்டு நிமிடத்தில் வந்துவிட்டால், வசனத்தை அமுக்கிக்கொண்டு இசை அலறினால், செங்கம் ரோட்டு வாடகை அறையில் மைக்கைப் போட்டுப் பேசத் தொடங்கிவிடுவாள். பெரும்பாலும் அவள் சொன்னதுதான் நடந்தது.

போன மாசியில், கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் எடுத்த சின்னப் படம் ஒன்றின் டிரெய்லர் வந்தது. அதில் ஐம்பது வயது அம்மா ஒருவர் மூன்று முறை அழுதார். அந்த முகத்தை நிறுத்திவைத்து, "கிளிசரின் காலி, படமும் காலி" என்றாள் கீதாஞ்சலி. மூன்று லட்சம் பேர் பார்த்தார்கள்.

படம் வந்த வாரத்து ஞாயிறன்று, பகல் காட்சிக்குப் போனாள். அரங்கில் பதினோரு பேர். முதல் பாதி இழுவைதான். பிறகு அந்தக் காட்சி வந்தது. மகன் இறந்த செய்தி கேட்ட பிறகும் அந்த அம்மா கடலைக்காட்டில் மல்லாட்டை பறித்துக்கொண்டே இருக்கிறார். இசை இல்லை. வெகுநேரம் கழித்துத்தான் அழுகிறார். ஒரே அழுகை. டிரெய்லரில் அதை மூன்று துண்டாக வெட்டியிருந்தார்கள்.

வெளியே வந்தால், வாசலில் அதே அம்மா நின்றிருந்தார். ஆட்டோ பிடிக்கப் போன மகளுக்காகக் காத்திருந்தவர், இவளைப் பார்த்துச் சிரித்தார்.

"படம் புடிச்சுதா கண்ணு?"

"நீங்க நடிச்சது ரொம்ப நல்லா இருந்துச்சும்மா."

"கிளிசரின்னா இன்னா கண்ணு? ஊர்ல பசங்க என்ன அப்படித்தான் கூப்புடுதுங்க. எம் பொண்ணக் கேட்டா, வுடும்மாங்குது."

தெரியாது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

"அழுகை வர்றதுக்குக் கண்ணுல போடுற மருந்தும்மா. நீங்க அதப் போட்டுதான் அழுதீங்கன்னு வீடியோல சொன்னது நான்தான். மன்னிச்சிடுங்க."

அந்த அம்மா மகள் போன பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நான் ஒண்ணும் போடல. செத்துப்போன எம் பெரியவன நெனைச்சிக்கினேன். வந்துடுச்சு."

ஆட்டோ வந்தது. அவர் திரும்பிப் பார்க்காமல் ஏறிக்கொண்டார்.

அன்றே பழைய வீடியோவை நீக்கினாள். ஆனால் அந்தக் கிளிசரின் துண்டை எத்தனையோ பேர் எடுத்துப் போட்டிருந்தார்கள். மன்னிப்புக் கேட்டு, அந்தக் காட்சியைப் பற்றி ஏழு நிமிடம் பேசிப் புதிய வீடியோ போட்டாள். தொள்ளாயிரம் பேர் பார்த்தார்கள். திங்கட்கிழமை தியேட்டரில் வேறு படம் ஓடியது.

இரண்டு நாள் கழித்து அந்த மன்னிப்பு வீடியோவின் கீழே வேதா என்றொரு பெண் எழுதியிருந்தாள்: "எங்கம்மாகிட்ட போட்டுக் காட்டினேன். முழுசா கேட்டாங்க. ஏழு நிமிஷமும் 'அந்த அம்மா, அந்த அம்மா'ன்னே சொல்றீங்க. அவங்க பேரு ஆராயி."

பேரைக் கேட்கவே தனக்குத் தோன்றவில்லை என்பது கீதாஞ்சலிக்கு அப்போதுதான் உறைத்தது.