வேகம் வேறு, சூடு வேறு

"பட்டாசுப் புள்ளைக்கு வெடிக்கிறதத் தவிர வேற என்ன ஆராய்ச்சி வரும்?" என்று என் வழிகாட்டி நவநீதகிருஷ்ணன் சார் முதல் வருஷம் கேட்டபோது இயற்பியல் துறையே சிரித்தது. நானும் சிரித்துத் தொலைத்தேன். இனி இந்தக் கட்டிடத்துக்குள் என் ஊர் தாயில்பட்டியைப் பற்றி வாயே திறப்பதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன். அம்மா வேலுத்தாய் அங்கே பட்டாசுக் கம்பெனியில் மணி மருந்து உருட்டுகிறாள். நான் பி.எஸ்சி. லீவில் அதே கம்பெனிக்கு வேலைக்குப் போனவள். இதெல்லாம் இந்த விருதுநகர்க் கல்லூரியில் யாருக்கு வேண்டும்? அணுக்கரு வேறு, பட்டாசு வேறு என்று தினமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

என் வேலை இதுதான். ஒரு அணுக்கருவின் மேல் இன்னொன்றை வேகமாக மோதவிட்டால் அது சூடேறிச் சிதறும். ஹீலியம், லித்தியம், கார்பன் என்று துண்டு துண்டாகத் தெறிக்கும். எந்தத் தெர்மாமீட்டரைக் கொண்டுபோய் அதற்குள் செருகுவது? தெறித்த துண்டுகளைப் பார்த்துத்தான் எவ்வளவு சூடு என்று சொல்ல வேண்டும். துண்டுகள் பறக்கும் வேகத்தை வைத்துச் சொல்வது ஒரு வழி. கனத்த ஹீலியம் எத்தனை, லேசான ஹீலியம் எத்தனை, லித்தியத்தில் கனத்தது எத்தனை, லேசானது எத்தனை என்று எண்ணி, அந்த விகிதத்தை வைத்துச் சொல்வது இன்னொரு வழி.

சார் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் வேகத்தை வைத்துக் கட்டுரை எழுதினார். மோதலின் பலம் கூடக் கூட வெப்பநிலை நேர்கோடாக ஏறுகிறது என்றார். நான் அவர் பயன்படுத்திய அதே சோதனைத் தரவுகளில் விகிதத்தை எண்ணினேன். எங்கள் அலகில் ஐந்து வரைக்கும் ஏறியது. அதாவது ஐயாயிரத்து எண்ணூறு கோடி டிகிரி. அதற்கப்புறம் எவ்வளவு பலமாக மோதினாலும் அங்கேயே நின்றது. உலை கொதித்த பிறகு அடுப்பை எவ்வளவு எரித்தாலும் தண்ணீர் நூறு டிகிரியைத் தாண்டாதல்லவா? கொடுக்கிற சூடெல்லாம் ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும். அணுக்கருவும் அப்படித்தான் கொதிக்கிறது. வெளிநாடுகளில் பலர் இதைப் பார்த்துவிட்டார்கள். எங்கள் துறையில்தான் யாரும் பார்க்கக்கூடாது.

என் ஆறு வருஷ பிஎச்.டி. பதிவு வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அதற்குள் குழு கையெழுத்துப் போட்டால்தான் ஆய்வேட்டைக் கொடுக்க முடியும். இல்லாவிட்டால் ஆறு வருஷமும் வீண். புதன்கிழமை சார் கூப்பிட்டார்.

"உன் படத்துல கடைசி அஞ்சு புள்ளி மட்டும் ஏறாம நிக்குதுல்ல? கருவிக் கோளாறுன்னு போட்டு எடுத்துரும்மா. என் பேப்பரோட ஒத்துப்போகும். நாளைக்கே கையெழுத்து."

திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். அவர் அன்பாகச் சொன்னார். எனக்கு டெங்கு வந்தபோது அவர் வீட்டிலிருந்துதான் கஞ்சி வந்தது. ராத்திரி முழுக்க அந்தக் கணக்கையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். காலையில் அந்த ஐந்து புள்ளிகளையும் படத்தில் சிவப்பாக, முன்னைவிடப் பெரிதாகப் போட்டுக்கொண்டு போனேன்.

குழுவில் மூன்று பேர். சார், இன்னொரு பேராசிரியர், மதுரையிலிருந்து வந்திருந்த யோகலட்சுமி மேடம். படத்தைப் பார்த்ததும் சாரின் முகம் சுருங்கியது.

"துண்டு எம்புட்டு வேகமாப் பறக்குது பாரு. சூடு இல்லாம எப்படிம்மா அம்புட்டு வேகம் வரும்?"

சூத்திரத்தைக் காட்டினேன். "இது உன் அனுமானம்" என்றார். இன்னொன்றைக் காட்டினேன். அதையும் அனுமானம் என்றார். எனக்கு ரத்தம் தலைக்கேறியது.

"சார், நீங்க பேன்சி வெடி விட்டிருக்கீங்களா?"

இன்னொரு பேராசிரியர் சிரித்தார். நான் நிறுத்தவில்லை.

"குழாய்க்கு அடியில கருமருந்து இருக்கும். அதுதான் தூக்கி விடும். மேல மணி இருக்கும். அதுதான் கலரா எரியும். மணி தீப்பிடிக்கிறதுக்கு அது மேல ஒரு பத்துமருந்து பூசணும். பி.எஸ்சி. முதல் வருச லீவுல நான் ஒரு தட்டு மணிக்கு அதைப் பூச மறந்துட்டேன். சாயங்காலம் பொட்டல்ல விட்டுப் பார்த்தா ஜோரா மேல போச்சு, ஒண்ணுகூட எரியல. மேஸ்திரி என்னைய வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாரு. மறுநாள் காலையில பொறுக்கப் போனோம். அன்னைக்கு எரிஞ்சு விழுந்த மத்தத் துண்டையெல்லாம் தாண்டி, ரொம்பத் தூரமாப் போய் விழுந்தது என் மணிதான். தீயே புடிக்காத மணி! தூரத்தை வச்சுச் சூட்டைக் கணக்குப் போட்டா, அதுதான் ரொம்பச் சூடுன்னு எழுதணும். அது கூழாங்கல் மாதிரி சில்லுன்னு கிடந்துச்சு சார்."

யாரும் சிரிக்கவில்லை.

"வேகத்துல கொஞ்சம் சூடு, கொஞ்சம் தள்ளு. கரு வீங்கி விரியும்போது துண்டுகளைச் சேர்த்து வெளிய தள்ளுது. நீங்க ரெண்டையும் கூட்டிச் சூடுன்னு எழுதிட்டீங்க."

"என் பேப்பர் தப்புங்கிறியா?"

"ஆமா சார்."

யோகலட்சுமி மேடம் கேட்டார்: "தள்ளுனதைக் கழிச்சுப் பார்த்தியா?"

"பார்த்தேன் மேடம். கழிச்சா வேகக் கணக்கும் அஞ்சரையில வந்து நிக்குது. அடுத்த படத்துல இருக்கு."

மேடம் அந்தப் படத்தைக் கண்ணாடியைக் கழற்றி மாட்டி வெகுநேரம் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். சார் போடவில்லை. ஒரு படிவத்தை என் பக்கம் தள்ளினார். 'குறிப்பிட்ட தரவுகளை நீக்கித் திருத்தச் சம்மதிக்கிறேன்' என்று அதில் தட்டச்சாகியிருந்தது.

"வழிகாட்டி கையெழுத்து இல்லாமச் செல்லாது. யோசிச்சுக்கோ பானுப்பிரியா. ஆறு வருசம்."

யோசித்தேன். அம்மா ஆறு வருஷமாகக் கம்பெனியில் எல்லோரிடமும் "எம் மக டாக்டராகப் போறா" என்று சொல்லிக்கொண்டிருப்பதை யோசித்தேன். பேனாவை அழுத்திப் பிடித்துக்கொண்டு 'சம்மதமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வாசலில் மேடம் சொன்னார்: "மதுரையில எங்கிட்டப் புதுசாப் பதியலாம். ஆனா திரும்ப ஒண்ணுலருந்துதான்."

போனில் அம்மாவிடம் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. "ஆறு வருசமும் போச்சாத்தா?" என்றாள். போச்சும்மா என்றேன். "அவுக சொன்னபடி எழுதியிருந்தா யாருக்காச்சும் தெரிஞ்சிருக்குமா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியும்மா என்றேன். "அப்பச் சரி" என்று வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை அலுவலகத்தில், வேறெங்கும் பதிய வேண்டுமானால் இது வேண்டும் என்று பதிவை ரத்து செய்யும் படிவம் கொடுத்தார்கள். காரணம் என்ற இடத்தில் என் பேனா நின்றதும் கிளார்க் எட்டிப் பார்த்தார்.

"சொந்தக் காரணம்னு போடும்மா. எல்லாரும் அதத்தான் போடுவாக."

நான் எழுதினேன்: வெப்பநிலை ஏறவில்லை. ஏறியதாக எழுத மறுத்தேன்.