அம்மாரின் பிறப்புச் சான்றிதழ்

குவைத்தின் ஃபர்வானியாவில், விண்ணப்பங்கள் நிரப்பித் தரும் கலீலுர் ரஹ்மானின் டைப்பிங் கடையில் காலையிலிருந்தே கூட்டம். ஏசி மெக்கானிக் அம்மாரும் அவனுடைய ஹெல்பர் வீரபாண்டியும் சுவரோரம் காத்திருந்தார்கள். அம்மார் காஸாக்காரன். பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்காவிட்டால் இகாமா என்ற தங்கும் அனுமதி கிடைக்காது. வியாழக்கிழமையோடு வேலையும் இல்லை என்று கம்பெனி சொல்லிவிட்டது. அனுப்பிய விண்ணப்பமோ பிறப்புச் சான்றிதழ் செல்லாது என்று திரும்பி வந்திருந்தது.

"முத்திரையெல்லாம் இருக்கே பாய், அப்புறம் என்ன?" என்று ரஹ்மானைக் கேட்டான் வீரபாண்டி.

"முத்திரைதான் தம்பி சிக்கல். இது காஸாவுல ஆள்றவங்க போட்டது. பாஸ்போர்ட் குடுக்கறவங்க ரமல்லாவுல இருக்காங்க. அவங்க இத ஏத்துக்க மாட்டாங்க."

"ஒரு ஊருக்கு ரெண்டு கவர்மெண்டா?"

"ஊரே தூத்துக்குடிலேருந்து திருச்செந்தூர் வரைக்குந்தான். ஒரு பக்கம் கடலு, மத்த பக்கமெல்லாம் வேலி. ரெண்டு பேரும் பிரியறதுக்கு முந்தி வாங்குன பழைய சான்றிதழ் இருந்தா எடுத்துக்குவாங்க."

அது இடிந்துபோன வீட்டில், அம்மாவின் பெட்டியில் கிடந்தது. தெற்கே கூடாரத்தில் அம்மாவோடு இருந்த தம்பி யூசுப், அதைத் தேடி முந்தின நாளே வடக்கே நடந்திருந்தான்.

பத்தரை மணிக்குச் சான்றிதழின் படம் வந்தது. அம்மார் சிரித்துக்கொண்டே எழுந்து அதை ரஹ்மானுக்கு அனுப்பினான். உடனே போன் அடித்தது. காதில் வைத்தவன் கேட்டபடியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"என்ன பாய்? என்ன சொல்றாங்க?"

எதிர்முனையில் அவன் அம்மா அரபியில் அலறியது ரஹ்மானுக்கும் கேட்டது. "யூசுப் போயிட்டானாம். திரும்பி வர்ற வழியில குண்டு விழுந்து..."

"இப்பத்தானே போட்டோ அனுப்பிச்சான்?" என்றான் வீரபாண்டி. ரஹ்மானின் கையைப் பிடித்து மறுபடியும் கேட்டான். "இப்பத்தானே பாய்?"

"அங்க சிக்னல் கெடைக்கும்போதுதான் தம்பி போகும். எப்ப எடுத்ததோ."

ரஹ்மான் குனிந்து அம்மாரின் தோளைத் தொட்டு அரபியில் சொன்னார்: "ரூமுக்குப் போப்பா. நாளைக்குப் பாத்துக்கலாம்."

"இல்ல, இன்னைக்கே அனுப்புங்க. எனக்கு வேலை போச்சுன்னா அம்மாவுக்கு யாருமில்ல."

ரஹ்மான் படத்தைத் திரையில் விரித்தார். எழுத்தெல்லாம் தெளிவாக இருந்தது. கீழ் ஓரத்தில், தாளைப் பிடித்திருந்த கட்டைவிரல். நகக்கண்ணில் சிமெண்ட் தூள். சான்றிதழைத் தவிர வேறெதுவும் படத்தில் இருக்கக் கூடாது என்று விண்ணப்பத்தில் சிவப்பெழுத்தில் போட்டிருந்தது.

அவர் கை மவுஸின் மேல் அப்படியே நின்றது.

"வெட்டுங்க," என்றான் அம்மார்.