கலைமணி பிடித்த வடம்

"தைப்பூசத்துக்கு வாங்கடி. சனிக்கிழமையே வந்துருங்க" என்று கலைமணி தானாகவே போன் செய்தபோது நான் உரக்கடையில் ஒரு ஆளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பாதி பாட்டிலைக் கரைத்து அடித்துவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்று திருப்பிக் கொடுக்க வந்திருந்தான். அவனை அப்படியே விட்டுவிட்டுத் தெருவில் போய் நின்று பேசினேன். அவள் குரலைக் கேட்டு மாதக்கணக்காகியிருந்தது. நான் எத்தனை முறை கூப்பிட்டாலும் எடுக்க மாட்டாள். போன பங்குனியில் அவள் மகள் காவியா இறந்துபோனாள். காலேஜில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்த பெண். காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை.

நான், கலைமணி, பாப்பாரப்பட்டி சாயிரா மூன்று பேரும் தருமபுரியில் ஆசிரியர் பயிற்சி படித்தபோது ஒரே அறையில் கிடந்தவர்கள். டீச்சரானது சாயிரா மட்டும்தான். நான் அரூரில் வீட்டுக்காரரோடு உரக்கடையைக் கட்டி மேய்க்கிறேன். கலைமணியைத் தருமபுரியிலேயே கொடுத்தார்கள். வருஷத்துக்கு ஒரு சனி ஞாயிறு யாராவது ஒருத்தி வீட்டில் கூடிவிடுவோம். ஊர் சுற்றுவோம், கண்டதையும் வாங்கித் தின்போம், வீட்டுக்காரர்களை வாயாரத் திட்டுவோம். காவியா போனதோடு அதுவும் நின்றுபோயிருந்தது. இப்போது அவளே கூப்பிடுகிறாள் என்றதும் மனசு தேறிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைக்க எனக்கு ஆசையாக இருந்தது.

பஸ் ஸ்டாண்டில் சாயிரா ஒரு தூக்குப்போசியோடு காத்திருந்தாள். பூச நேரமும் அதுவுமாகக் கறி கொண்டுவந்துவிட்டாயா என்று வம்புக்கு இழுத்தேன். சேமியா பாயசம் என்று முறைத்தாள். எங்களுக்குள் எப்போதும் அப்படித்தான்.

கலைமணி இளைத்துப்போயிருந்தாள். ஆனாலும் தலைக்குக் குளித்து, நல்ல புடவை கட்டி, சிரித்த முகமாக வாசலிலேயே நின்றாள். சாயங்காலம் தேர்க்கடைகளுக்கு அவள்தான் எங்களை இழுத்துக்கொண்டு போனாள். ராட்டினத்தில் ஏற்றிவிட்டாள். மிளகாய் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தாள். கோயில் முன்னால் பம்பைக்காரர்கள் அடித்த அடிக்கு ஒரு பெண்ணுக்கு அருள் வந்து ஆட, நாங்கள் ஓரமாக நின்று வெகுநேரம் பார்த்தோம். வளையல் கடையில் எங்கள் இருவர் கையையும் பிதுக்கி வளையலை ஏற்றிவிட்டாள். நீயும் போடு என்றதற்கு அப்புறம் பார்க்கலாம் என்றாள். பழைய கலைமணி திரும்பி வந்துவிட்டாள் என்று சாயிராவின் இடுப்பில் கிள்ளினேன். அவள் என் கையைத் தட்டிவிட்டுக் கலைமணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குத் திரும்பியதும் கலைமணியின் வீட்டுக்காரர் மாயவன் என்னை வாசலுக்குக் கூப்பிட்டார். டெம்போ ஓட்டுகிறவர், அதிர்ந்து பேசாத மனுஷன். மறுநாள் காலை ஓடுகிற தேரைப் பெண்கள் மட்டும்தான் இழுப்பார்கள், ஆண்கள் வடத்தைத் தொடுவதில்லை. அந்த வடத்தைப் பிடிக்கப் போவதாகக் கலைமணி ஒற்றைக்காலில் நிற்கிறாளாம். காவியாவுக்கு இன்னும் வருஷம் திரும்பவில்லை. வருஷத் திதி முடியும்வரை அந்த வீட்டில் யாரும் கோயில் படி ஏறக்கூடாது. வடத்தைத் தொடுவது அதைவிடப் பெரிய விஷயம். அவர் பிறந்த ஏரியூர்ப் பக்கத்துக் கிராமத்தில் ஒருமுறை தேர் நடுத்தெருவில் நின்றுவிட்டதாம். யார் வீட்டுத் தீட்டு என்று ஊரே தேடி, கடைசியில் ஒரு பெண்ணைக் கைகாட்டி, அந்தக் குடும்பம் ஊரை விட்டே போனதாம்.

"நாளைக்கு இங்க தேரு நின்னுச்சின்னா அவளத்தாங்க சொல்லுவாங்க. ஏற்கெனவே பாதி உசுராத்தான் இருக்கா. அந்தப் பேச்சையும் தாங்கமாட்டா. நீங்க சொன்னா கேப்பா, தங்கச்சி" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்குத் தீட்டு என்ன வேண்டிக்கிடக்கிறது என்று அவர் மேல் எரிந்து விழுந்தேன். விழுந்தேனே தவிர, எனக்கும் உள்ளுக்குள் உதறல்தான். எலுமிச்சம்பழம் கட்டாமல் கடையைத் திறக்காதவள் நான். எனக்கு என்ன வீரம் வந்து வழிகிறது?

சமையலறையில் கலைமணி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சாயிரா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

அவள் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவ ஆஸ்பத்திரில கெடந்தப்ப வேண்டிக்கிட்டேன். எம்மவ எழுந்து வூட்டுக்கு வந்துட்டா உன் தேர் வடத்தப் புடிக்கறேன்னு."

"அவதான் வரலையேடி" என்றேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"வரல. ஆனாலும் நான் புடிக்கத்தான் போறேன்."

"தேர் நின்னுட்டா?"

"நின்னா நிக்கட்டும்" என்றாள்.

வீம்பு என்றுதான் எடுத்துக்கொண்டேன். சாமி தராவிட்டாலும் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறாள், அது அவள் குணம் என்று நினைத்தேன். பிறகு தனியாகச் சாயிராவிடம் கேட்டபோது, "அவ என்னத்துக்கோ போறா. நம்ம கூட நிப்போம், அவ்வளவுதான்" என்றாள். சரி, நாளைக்கு எவளாவது வாயைத் திறக்கட்டும், உண்டு இல்லை என்று ஆக்கிவிடுகிறேன் என்று முடிவுசெய்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தெரு முழுக்கப் பெண்கள். மஞ்சள் புடவையும் மல்லிகைப்பூவுமாகத் தேர்வடத்தின் இரண்டு பக்கமும் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். ஆண்கள் மாடிகளிலும் கடை வாசல்களிலும் நின்று வேடிக்கை பார்த்தார்கள். சாயிரா எங்கள் செருப்புகளையும் கைப்பைகளையும் வாங்கிக்கொண்டு ஒரு ஜவுளிக்கடைப் படியில் நின்றாள். மாயவன் எதிரில் டீக்கடைக்குள் போய்த் தேருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

நானும் கலைமணியும் வடத்தின் நடுவில் இடம் பிடித்தோம். முன்னால் நின்ற பக்கத்து வீட்டுக்காரி திரும்பிப் பார்த்தாள். கலைமணியைக் கண்டதும் அவள் முகம் மாறியது. பக்கத்தில் இருந்தவளின் காதில் குனிந்து ஏதோ சொன்னாள். நான் ஒரு முறை முறைத்தேன். கடன் சொல்கிறவர்களைக்கூட அப்படி நான் முறைத்ததில்லை. இருவரும் சட்டென்று முன்பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

கலைமணி வடத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. கண்கள் தேரின் சக்கரத்திலேயே இருந்தன.

வெடி போட்டார்கள். அரோகரா என்று தெருவே கத்தியது. எல்லோரும் சேர்ந்து இழுத்தோம். தேர் அசையவில்லை. முருகா, நகர்ந்துவிடு. ஒரு அடி நகர்ந்தால் போதும். இவளை யாரும் ஒரு வார்த்தை சொல்லும்படி வைத்துவிடாதே. என் பிள்ளைகளுக்காகக்கூட நான் அப்படிக் கெஞ்சியது கிடையாது. பக்கத்து வீட்டுக்காரி மறுபடியும் திரும்பிப் பார்த்தாள். முட்டுக்கட்டை போடுகிறவர்கள் கையை ஆட்டினார்கள். மறுபடியும் அரோகரா. மறுபடியும் இழுத்தோம்.

சக்கரம் கிறீச்சிட்டது. தேர் குலுங்கி நகர்ந்தது.

அப்புறம் நிற்கவே இல்லை. மாடிகளிலிருந்து உப்பும் மிளகும் பொரியும் தேர்மேல் வந்து விழ, அது பாட்டுக்கு உருண்டு வந்தது. திருப்பத்தில் கொஞ்சம்கூடத் திணறாமல் திரும்பியது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அப்பாடா, என் சாமி என்று வாய்விட்டுச் சொன்னேன். பாத்தியாடி என்று பக்கத்தில் திரும்பினேன்.

கலைமணி வடத்தை விட்டிருந்தாள். பெண்கள் அவளை இடித்துக்கொண்டு முன்னே போனார்கள். அவள் நடுத்தெருவில் கைகளைத் தொங்கப்போட்டபடி நின்றிருந்தாள். மயக்கம் வந்துவிட்டது என்று நினைத்து, பின்னால் வருகிறவர்களைத் தள்ளிக்கொண்டு போய், அவளைச் சாயிரா நின்ற படிக்கு இழுத்து வந்தேன். சாயிரா தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். அவள் வாங்கவில்லை.

"நிக்கும்னு நெனச்சேன், நிர்மலா" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை.

"எம்மவ செத்து வருஷம் ஆவல. அவளத் தூக்கிக் குடுத்த கையோட வந்து புடிச்சேன். நிக்கணும் இல்ல? ஒரு நிமிஷமாச்சும் நிக்கணும் இல்ல? அவ செத்தது அதுக்குத் தெரியவே இல்லையேடி."

நகர்ந்துவிடு என்று அவள் பக்கத்தில் நின்றே கெஞ்சியவள் நான்தானே. அவள் படியில் சரிந்து உட்கார்ந்தாள். சாவு வீட்டில்கூடச் சொட்டுக் கண்ணீர் விடாமல் சுவரைப் பார்த்தபடி இருந்தவள், அந்த ஜவுளிக்கடை வாசலில் வாயைத் திறந்து ஓவென்று அழ ஆரம்பித்தாள். சாயிரா கையில் இருந்ததை எல்லாம் கீழே போட்டுவிட்டு அவளைக் கட்டிக்கொண்டாள்.

டீக்கடையிலிருந்து மாயவன் ஓடி வந்தார். கூட்டத்தில் அடிபட்டுக்கொண்டு மூச்சு வாங்க வந்தவர், தேர் போன திசையை ஒருதரம் எட்டிப் பார்த்தார். அவர் முகமெல்லாம் நிம்மதி. மனைவி முன்னால் குந்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அழுவாத கலை. ஒன்னும் ஆவல. தேரு நல்லபடியா போயிருச்சி."

அதைக் கேட்டதும் அவள் இன்னும் சத்தமாக அழுதாள்.